ஒரு புள்ளியில் வந்த கோப்பை

2019 மார்ச் 9. கோவை நேரு விளையாட்டரங்கில் ஐ-லீக் கால்பந்துத் தொடரின் கடைசி நாள். சென்னை சிட்டி அணியிடம் 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலிடம் 39. இங்கே சென்னை சிட்டி, முந்தைய ஆண்டின் சாம்பியன் மினர்வா பஞ்சாபை எதிர்த்து ஆடுகிறது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவை எதிர்த்து ஆடுகிறது. கோவையில் மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட்டுவிட்டார். இடைவேளை வரை அந்தக் கடனைச் சென்னையால் அடைக்க முடியவில்லை. பின்பாதியில் ஒரு பெனால்டி கிடைத்தது, பெட்ரோ மான்சி அடித்தார், 1-1. பிறகு கௌரவ் போரா ஒரு கோல், இஞ்சுரி நேரத்தில் அவரே இன்னொன்று. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கியிருந்து மீண்டு 2-1 என்று வென்றது. கணக்கு முடிந்தபோது 43-க்கு 42. தமிழ்நாட்டு அணி ஒன்று முதன்முறையாக ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து கோவை மைதானத்துக்குப் பழனி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டினால் போய்விடலாம். அதைவிட முக்கியம், எங்கள் ஊர் காந்தி மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் லாரிகள். அந்த லாரிகளோடு ஃபுட்பால் பேச்சும் இங்கே வந்து இறங்கும். லோடு ஏறும்வரை டீக்கடையில் நிற்கிற மலையாளி ஓட்டுநருக்கும் நம் பையன்களுக்கும் ஒரே வழக்குதான். "அது கோச் வாங்கிக் கொடுத்த கப்புண்ணே" என்பான் ஒருவன். "பெனால்டி கிடைக்கலேன்னா என்ன ஆயிருக்கும்? லக்குடா தம்பி" என்பார் இன்னொருவர். கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகருக்கு இந்த வழக்கில் சொந்த வலியும் உண்டு. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதி ஆட்டத்துக்கு 2014, 2016, 2022 என்று மூன்று முறை போய் மூன்றிலும் தோற்ற அணி அது. முதல் தோல்வி, ஆட்டம் முடியும் தறுவாயில் வாங்கிய கோலால். மற்ற இரண்டும் டை பிரேக்கரில்.

இந்த வழக்கைக் கணக்கால் தீர்க்க முடியுமா? பெருமளவு முடியும் என்று நான் நம்புகிறேன். ஆனால் வரும் விடை இரண்டு கட்சிக்கும் முழுதாகப் பிடிக்காது.

கால்பந்தின் முதல் உண்மை, அதில் கோல் அரிது. பெரிய தொடர்கள் எதை எடுத்தாலும் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணியும் சேர்ந்து சராசரி இரண்டரை முதல் மூன்று கோல்தான். அரிதாக, ஒன்றுக்கொன்று பெரிதாகத் தொடர்பில்லாமல் நிகழும் சம்பவங்களை எண்ணுவதற்கு ஒரு கணிதம் இருக்கிறது. பிரெஞ்சுக் கணிதர் சிமேயோன் பாய்சான் 1837-இல் எழுதியது அது. 1898-இல் போர்ட்கெவிச் என்பவர் அதைப் பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கில் பொருத்திக் காட்டினார். எந்தப் படைப்பிரிவில் எந்த ஆண்டு சாவு விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இத்தனை பிரிவுகளில் ஒரு சாவு, இத்தனையில் இரண்டு, இத்தனையில் ஒன்றுமே இல்லை என்று மொத்தத்தைச் சொல்லிவிடலாம். கோல்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் விழுகின்றன. 1950-களிலிருந்தே புள்ளியியலாளர்கள் இதைச் சோதித்து வருகிறார்கள். பாய்சான் பரவல் அச்சாகப் பொருந்துவதில்லை, சின்னச் சின்னத் திருத்தம் தேவைப்படுகிறது. ஆனாலும் அது ஏமாற்றாத முதல் படி.

அதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அணி சராசரியாக ஆட்டத்துக்கு 1.6 கோல் போடக்கூடியது. எதிரணி 1 கோல். அறுபது விழுக்காடு கூடுதல் பலம், சாதாரண வித்தியாசமல்ல. பாய்சான் கணக்குப்படி பலமான அணி வெல்வது நூற்றுக்கு 51 முறை. டிரா 25 முறை. மீதி 24 முறை பலவீனமான அணி வெல்லும். பாதிக்குப் பாதி ஆட்டங்களில் பலமான அணி ஜெயிக்காமல்தான் வெளியே வரும். அதில் கோச்சின் தப்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை.

அதே விகிதத்தை வைத்துக்கொண்டு கோல்களைப் பத்து மடங்காக்குங்கள். ஒரு பக்கம் சராசரி 16, மறுபக்கம் 10. இப்போது பலமான அணி வெல்வது நூற்றுக்கு 86 முறையாகிவிடுகிறது. ஆட்டக்காரர்கள் மாறவில்லை, பயிற்சி மாறவில்லை. எண்ணிக்கை கூடியதால் திறமை பேசத் தொடங்கிவிட்டது. புள்ளி அதிகம் விழும் கபடியிலும் கூடைப்பந்திலும் நல்ல அணி அடிக்கடி ஜெயிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். பென்-நெய்ம், வாஸ்கெஸ், ரெட்னர் என்ற மூன்று இயற்பியலாளர்கள் 2006-இல் இங்கிலாந்துக் கால்பந்தையும் அமெரிக்காவின் நான்கு விளையாட்டுகளையும் எடுத்து, மூன்று லட்சம் ஆட்டங்களுக்கு மேல் அலசினார்கள். தரவரிசையில் கீழே நிற்கும் அணி மேலே நிற்பதைக் கவிழ்க்கும் வீதம் கால்பந்தில்தான் அதிகம், நூற்றுக்கு ஏறக்குறைய 45. அமெரிக்கக் கூடைப்பந்தில் அது 36 அல்லது 37. கால்பந்தைப் பார்த்து உலகமே அழுவதற்கும் ஆடுவதற்கும் இந்த 45 ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இப்போது அந்த 43-க்கு 42-க்கு வருவோம்.

சென்னை சிட்டி 20 ஆட்டங்களில் 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. ஈஸ்ட் பெங்கால் 13 வெற்றி, 3 டிரா, 4 தோல்வி. இந்த விகிதங்களே இரண்டு அணிகளின் உண்மையான பலம் என்று வைத்துக்கொள்வோம். அதே பலத்தோடு அதே தொடரை மறுபடி ஆடினால் சென்னைக்கு மறுபடியும் 43 கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. ஓர் அணியின் 20 ஆட்ட மொத்தம் தன் சராசரியிலிருந்து ஐந்தாறு புள்ளி மேலேயோ கீழேயோ போவது சாதாரணம். புள்ளியியலில் இதைத் திட்ட விலக்கம் என்பார்கள். சென்னைக்கு அது 5.3, ஈஸ்ட் பெங்காலுக்கு 5.6. இரண்டு அணிக்கும் உள்ள இடைவெளியின் திட்ட விலக்கம் கிட்டத்தட்ட 8 புள்ளி. அந்த 8 புள்ளி ஊசலாட்டத்துக்குள் ஒரு புள்ளி எங்கே தெரியும்? தொடரை நூறு முறை ஆடினால் ஏறக்குறைய 53 முறை சென்னை முன்னால் நிற்கும், 42 முறை ஈஸ்ட் பெங்கால் நிற்கும், மீதி சமம். நாம் பார்த்தது அந்த நூறில் ஒன்றே ஒன்று.

நேருக்கு நேர் மோதிய இரண்டு ஆட்டத்திலும் சென்னையே வென்றது. இரண்டும் ஒரே கோல் வித்தியாசத்தில். அவற்றில் ஏதேனும் ஒன்றில் ஒரு பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். ஆகவே ஈஸ்ட் பெங்காலைத் தாண்டியது எதனால் என்று கேட்டால், அதிர்ஷ்டத்தின் பங்கு மிகப் பெரிது என்றுதான் சொல்ல வேண்டும். டீக்கடையில் "லக்கு" என்றவர் இந்த இடத்தில் ஜெயிக்கிறார்.

ஆனால் வழக்கு அங்கே முடியவில்லை. அதே சென்னை சிட்டி அதற்கு முந்தைய தொடரில் 10 அணிகளில் எட்டாவது. 18 ஆட்டத்தில் 19 புள்ளி, நான்கே வெற்றி. ஓர் ஆட்டத்துக்கு 1.06 புள்ளி எடுத்த அணி அடுத்த ஆண்டு 2.15 எடுக்கிறது. இந்தத் தாவலையும் அதே தராசில் வைப்போம். இரண்டு தொடர்களுக்கிடையே வெறும் தற்செயலால் வரக்கூடிய வித்தியாசத்தின் திட்ட விலக்கம் ஆட்டத்துக்கு 0.38 புள்ளி. இங்கே வந்திருப்பது 1.09. ஏறத்தாழ மூன்று மடங்கு. பலம் மாறாத ஓர் அணிக்கு இப்படி ஒரு தாவல் வருவது ஆயிரம் தொடர்களில் சில முறைதான். தாவிய அணியைத் தாவியதாலேயே நாம் தேர்ந்தெடுத்துப் பேசுகிறோம் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் அதிர்ஷ்டம் மட்டும் இந்தத் தூரத்தைக் கடந்திருக்காது.

எனவே ஒரே கோப்பைக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எட்டாவது இடத்திலிருந்து கோப்பையைத் தொடுகிற தூரத்துக்கு எப்படி வந்தது? தொடுகிற தூரத்தில் நின்ற இரண்டு பேரில் யார் கையில் கிடைத்தது? முதல் கேள்விக்கு உழைப்பும் திட்டமும் ஆள்தேர்வும் பதில். இரண்டாவதற்குத் தற்செயல் பதில். கடையில் ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாவதற்கும் பதில் சொல்லிக்கொண்டு, ஒரே கேள்விக்குச் சண்டை போடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

முதல் கேள்வியின் பதிலில் கோச்சின் பங்கு எவ்வளவு? இதுதான் கடினமான இடம். அந்த ஆண்டு சென்னை சிட்டிக்குச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். அதே ஆண்டு ஸ்பெயினிலிருந்து மான்சி, நெஸ்டர் கோர்டிலோ, சாண்ட்ரோ ரோட்ரிகெஸ், ராபர்ட்டோ எஸ்லாவா என்று ஒரு கூட்டமே வந்தது. மான்சி மட்டும் 21 கோல். எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் அந்த அணியில் மலர்ந்தார்கள். இதில் எது கோச், எது ஆட்டக்காரன்? ஒரே தொடரின் புள்ளிகளை வைத்து இவற்றைப் பிரித்தெடுக்க எந்தப் புள்ளியியலாலும் முடியாது. பல நூறு கோச்சுகளை, பல ஆண்டுகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்தால்தான் ஏதோ தெரிகிறது.

அப்படிப் பார்த்தவர்களில் பொருளியலாளர் ஸ்டீஃபன் ஷிமான்ஸ்கி ஒருவர். 1978 முதல் 1997 வரை இங்கிலாந்தின் 40 கிளப்புகளை எடுத்து, ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த மொத்தச் சம்பளத்தையும் பட்டியலில் பிடித்த இடத்தையும் ஒப்பிட்டார். நீண்டகாலச் சராசரியில் இடங்களின் ஏற்றத்தாழ்வில் 92 விழுக்காட்டைச் சம்பளம் ஒன்றே விளக்கிவிட்டது. நல்ல சம்பளம் நல்ல கால்களை வாங்குகிறது, நல்ல கால்கள் மேலே கொண்டுபோகின்றன. கோச்சுக்கு மிஞ்சுவது சிறு பங்குதான் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. பணம் உள்ள கிளப் நல்ல கோச்சையும் சேர்த்தே வாங்குகிறது. அந்தக் கோச்சின் வேலையும் சம்பளத்தின் பங்காகவே கணக்கில் விழுந்துவிடுகிறது. பணமில்லாத கிளப்பில் நல்ல கோச் செய்யும் வேலை இந்தப் பெரிய சராசரியில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

இன்னொரு ஆய்வு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நெதர்லாந்தின் பாஸ் டெர் வீல் அந்நாட்டு முதல் டிவிஷனில் 1986 முதல் 2004 வரை கோச்சை நீக்கிய கிளப்புகளைப் பார்த்தார். தொடர் தோல்வி, கோச் நீக்கம், உடனே முன்னேற்றம். எல்லோரும் புதுக் கோச்சைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். அவர் செய்த நல்ல காரியம், அதே அளவு சரிந்தும் கோச்சை மாற்றாமல் வைத்திருந்த கிளப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அவையும் அதே வேகத்தில் மீண்டிருந்தன. சரிவில் ஒரு பகுதி துரதிர்ஷ்டம். அது தானாகத் தீர்ந்தது. புதியவர் வந்த நேரத்தில் தீர்ந்ததால் பேர் அவருக்குப் போனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் அளந்தபோது கண்டது இதுதான், சராசரியை நோக்கித் திரும்புதல். எங்கெல்லாம் தற்செயலுக்குப் பங்கு உண்டோ அங்கெல்லாம் மிக நல்லதற்கு அடுத்து வருவது கொஞ்சம் குறைவாகவும், மிக மோசத்துக்கு அடுத்து வருவது கொஞ்சம் மேலாகவும் இருக்கும். ஒட்டன்சத்திரத்து விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். முருங்கைக்கு ஒரு வருஷம் எட்டாத விலை கிடைத்தவரை ஊரில் யாரும் மந்திரக்காரர் என்று சொல்வதில்லை. அடுத்த வருஷம் மண்டியில் அடிமாட்டு விலைக்குப் போட்டவரை வெள்ளாமை தெரியாதவர் என்றும் சொல்வதில்லை. பத்து வருஷம் அவர் தோட்டம் எப்படி நிற்கிறது, செடிக்கு என்ன பண்டுதம் பார்க்கிறார் என்றுதான் பார்ப்பார்கள். அந்த நிதானம் கால்பந்துக்கு வரும்போது நம்மிடம் ஏன் காணாமல் போகிறது?

சென்னையின் இன்னொரு அணியான சென்னையின் எஃப்.சி.யின் வரலாறு இந்தக் கேள்விக்கென்றே எழுதி வைத்தது போல இருக்கும். 2014-இல் நடந்த முதல் ஐ.எஸ்.எல். தொடரில் மார்க்கோ மத்தராசியின் கீழ் பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் கேரளாவிடம் இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-4 என்று கூடுதல் நேரத்தில் தோல்வி. 2015-இல் பட்டியலில் மூன்றாவது, ஆனால் கோப்பை. 2016-இல் எட்டு அணிகளில் ஏழாவது. மூன்று ஆண்டும் அதே மத்தராசி. அடுத்து ஜான் கிரெகரி வந்தார். 2017-18-இல் பட்டியலில் இரண்டாவது, கோப்பை. 2018-19-இல் 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். ஒரே மனிதர் ஓராண்டில் மேதையாகவும் மறு ஆண்டில் ஒன்றும் தெரியாதவராகவும் மாறிவிடுவாரா? ஆட்டக்காரர்கள் போனதும் வந்ததும், காயங்களும் உண்டு, உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்திலும் சரிவிலும் சராசரிக்குத் திரும்பும் அலை ஒன்று ஓடுகிறது.

2015 இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 20, கோவாவின் ஃபட்டோர்டா மைதானம். அந்த மாதம் சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்ததால் சொந்த ஊர் அரையிறுதியைக்கூட அணி புனேயில் ஆடிவிட்டு வந்திருந்தது. 87-வது நிமிடத்தில் எஃப்.சி. கோவா 2-1 என்று முன்னால் போனது. 90-வது நிமிடத்தில் கோவாவின் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி பந்தைத் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்டார், சேம் சைடு கோல். அதே ஆட்டத்தில் பெனால்டி தடுத்த கைகள் அவை. இஞ்சுரி நேரத்தில் ஸ்டீவன் மெண்டோசா கோல் போட, 3-2. மத்தராசி எந்தப் பலகையில் எந்தப் படம் வரைந்திருந்தாலும் எதிரணிக் கோலியின் கை அதில் இருந்திருக்காது.

அதற்குப் பக்கத்தில் 2018 மார்ச் 17, பெங்களூரு இறுதி ஆட்டத்தை வையுங்கள். லீகில் எட்டுப் புள்ளி முன்னணியில் முடித்த பெங்களூரு எஃப்.சி., சொந்த மைதானத்தில், சுனில் சேத்ரியின் கோலோடு தொடங்குகிறது. சென்னையின் தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ் இடைவேளைக்குள் கார்னர் கிக்கில் தலையால் முட்டி ஒரு கோல், மறுபடி கார்னரில் இன்னொரு கோல். முடிவு 3-2. கார்னர் கிக்கில் பந்து நின்றுகொண்டிருக்கிறது. யார் எங்கே ஓட வேண்டும், யார் யாருக்கு வழிவிட வேண்டும், பந்து எந்த உயரத்தில் விழ வேண்டும் என்று பயிற்சியில் ஒத்திகை பார்க்கலாம். ஒவ்வொரு கார்னரும் கோலாவது அபூர்வம்தான், ஒரே ஆட்டத்தில் இரண்டு விழுந்தது அதிர்ஷ்டமும்தான். ஆனால் கார்னரில் ஆபத்து உண்டாக்கும் திறன் பயிற்சி மைதானத்தில் விளைவது. டென்மார்க்கின் மிட்ஜிலாந்து அணி இத்தகைய நின்ற பந்துகளைக் கணக்கோடு பயின்று 2015-இல் தன் முதல் லீக் கோப்பையை எடுத்தது.

கோச்சின் வேலை எங்கே இருக்கிறது என்பது இங்கே தெரிகிறது. அவர் கோல் போடுவதில்லை. ஆட்டத்துக்கு 1.2 கோல் வாய்ப்பை 1.5 ஆக்குகிறார், எதிரணியின் 1.4-ஐ 1.1 ஆக்குகிறார். அந்த மாற்றம் ஓர் ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. பலம் கிட்டத்தட்ட சமமான இரண்டு அணிகளில் ஒன்று ஆட்டத்துக்கு 0.2 புள்ளி உயர்ந்தது என்று வைத்தாலும், அதை ஓரளவு உறுதியாக நிறுவ ஏறக்குறைய 300 ஆட்டங்கள் வேண்டும். இருபது ஆட்டத் தொடரானால் 15 ஆண்டுகள். அவ்வளவு காலம் ஒரே கிளப்பில் கிடைக்கிற கோச் மிக அரிது.

எண்களும் வழிதவறும் என்பதற்கு சார்லஸ் ரீப் சாட்சி. பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்கு அதிகாரி. 1950 மார்ச்சில் சுவிண்டன் டவுன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இடைவேளைக்குப் பின் பென்சிலும் நோட்டும் எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் குறிக்கத் தொடங்கினார். பல்லாயிரம் தாக்குதல்களைக் கையால் பதிந்த மனிதர் அவர். 1968-இல் புள்ளியியலாளர் பெர்னார்ட் பெஞ்சமினோடு சேர்ந்து கால்பந்தில் திறமையும் தற்செயலும் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். சுமார் பத்து முறை கோலை நோக்கி அடித்தால் ஒரு கோல் என்ற விகிதம் அவர் கண்டது, இன்றும் பழுதாகவில்லை. ஆனால் பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்குக் குறைவான பாஸில் வருகின்றன என்பதைப் பார்த்து, நீண்ட பாஸ் கோவைகள் வீண், பந்தைத் தூக்கி முன்னால் அடி என்ற முடிவுக்கு வந்தார். கால்பந்தில் ஏறத்தாழ எல்லாத் தாக்குதலுமே மூன்று பாஸுக்குள் அறுந்துபோகின்றன என்பதை அவர் எடைபோடவில்லை. பிற்கால ஆய்வாளர்கள் தாக்குதல்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தபோது, நீண்ட கோவைகளே கோலுக்கு அதிக வாய்ப்பு உண்டாக்கின என்று தெரிந்தது. வகுக்க மறந்த ஒரு கணக்கு, ஒரு தலைமுறைக் கோச்சுகளின் ஆட்டமுறையில் தடம் பதித்தது. கையில் எண் இருந்தால் போதாது, எதை எதால் வகுத்தோம் என்பதும் தெரிய வேண்டும்.

கோச்சின் வேலையைச் சில ஆட்டங்களிலேயே அளந்து பார்க்க இன்றைய கால்பந்தில் ஒரு வழி பிறந்திருக்கிறது. ஒவ்வொரு அடியும் எங்கிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா அடிக்கப்பட்டது என்று குறித்து, அதே மாதிரி இடத்திலிருந்து முன்பு அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான அடிகளில் எத்தனை கோலானது என்று பார்த்து, அந்த வாய்ப்புக்கு ஒரு மதிப்பு கொடுக்கிறார்கள். பெனால்டிக்கு ஏறக்குறைய 0.76. பெனால்டி பெட்டிக்கு வெளியே முப்பது மீட்டரிலிருந்து அடித்தால் 0.03 போல. எல்லாவற்றையும் கூட்டினால் எதிர்பார்ப்புக் கோல். போரா இஞ்சுரி நேரத்தில் போட்ட கோலுக்கும் அதே இடத்திலிருந்து யாரோ தவறவிட்ட அடிக்கும் ஒரே மதிப்பு. வலைக்குள் போனதா இல்லையா என்பதில் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது. அந்த இடத்துக்குப் பந்தைக் கொண்டுவந்ததில் கோச் கலந்திருக்கிறார்.

இத்தனை தெரிந்தும் ரசிகர் மனம் ஏன் ஒப்பாது? 1951-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் மோதிய முரட்டு ஆட்டம் ஒன்றை உளவியலாளர்கள் ஹாஸ்டார்ஃபும் கான்ட்ரிலும் பின்னர் இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் படமாகப் போட்டுக் காட்டினார்கள். பிரின்ஸ்டன் மாணவர்கள் எதிரணியிடம் கண்ட தவறுகள், டார்ட்மவுத் மாணவர்கள் தங்கள் அணியிடம் கண்டதைப்போல இரு மடங்குக்கு மேல். இரு தரப்பும் பார்த்தது ஒரே படச்சுருள். நம் அணி வென்றால் திறமை, எதிரி வென்றால் அதிர்ஷ்டம் என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது.

பெரிய கிளப்புகளுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் போனாலும் பணத்தோடு போய்விடும். என் கவலை நம் பள்ளிக்கூட மைதானங்களைப் பற்றியது. குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி எல்லாம் பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு தோல்வி, மூட்டையைக் கட்ட வேண்டும். எதிரே யார் வந்தாலும் பத்துக்கு ஏழு முறை வெல்லக்கூடிய, வட்டாரத்திலேயே சிறந்த அணி ஒன்று இருப்பதாக வையுங்கள். ஐந்து சுற்று தொடர்ந்து வெல்ல அதற்குள்ள வாய்ப்பு நூற்றுக்கு 17. ஆறு ஆண்டு ஆடினால் ஒரு முறை. மீதி ஐந்து ஆண்டும் அந்த அணியின் பி.டி. சாரைத் தலைமையாசிரியரும் ஊரும் "பையன்களை ஒழுங்காகத் தயார் பண்ணலை" என்று கேட்கும். டை பிரேக்கரில் கம்பத்தில் அடித்த பதினைந்து வயதுப் பையனின் சான்றிதழில் மாவட்டம் என்ற சொல் வராமல் போகும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி கேட்கப் போகும்போது அந்தச் சொல் அவனுக்குத் தேவைப்படும். ஒரு பந்தின் நான்கு அங்குலத்தை ஒரு பையனின் நான்கு ஆண்டு உழைப்புக்கு அளவுகோலாக வைப்பது அநியாயம். இதை நான் உரக்கச் சொல்லவே விரும்புகிறேன்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. முதல் சுற்றையாவது நான்கு நான்கு அணிகளாகப் பிரித்து லீக் முறையில் நடத்தினால் ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டம் உறுதி. நேரம் போதாது என்றால் ஆட்ட நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்குப் பதில் மூன்று வாய்ப்பு என்பதே தற்செயலின் பிடியைத் தளர்த்தும். மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்கள் தோற்ற அணிகளின் ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று நோட்டுப் புத்தகம். ரீப் செய்த வேலையின் நல்ல பாதி. மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சிலிருந்து ஒரு பையனோ பெண்ணோ ஒவ்வொரு அடியையும் குறிக்கலாம். யார் அடித்தது, பெட்டிக்கு உள்ளேயா வெளியேயா, எந்தப் பக்கம், கார்னரிலிருந்தா ஓட்டத்திலிருந்தா. இதேபோல எதிரணி நம்மை நோக்கி அடித்ததையும். பத்து ஆட்டத்தில் ஓர் அணி 12 கோல் போட்டால் அந்த எண்ணில் முன்பின் மூன்றரைக் கோல் தற்செயல் இருக்கும், கிட்டத்தட்ட முப்பது விழுக்காடு. அதே பத்து ஆட்டத்தில் 120 அடிகள் என்றால் தற்செயல் முன்பின் 11, பத்து விழுக்காட்டுக்குள். கோல் எண்ணிக்கை பல தொடர் கடந்து சொல்லப்போவதை இந்தப் பக்கங்கள் ஒரே தொடரில் சொல்லத் தொடங்கிவிடும். தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் காலை, பி.டி. சாரும் தலைமையாசிரியரும் அந்த நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், நம் பையன்கள் எதிரணியைவிட இரண்டு மடங்கு அடித்திருந்தார்களா, பெட்டிக்குள் நுழைய முடியாமல் தூரத்திலிருந்தே உதைத்துக்கொண்டிருந்தார்களா என்பது அவர்கள் கண்முன் இருக்கும்.